புதிய போன் மோகமும் கடைக் கணக்கும்

வியாபாரிகள் நான்கு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தால் முன்னரெல்லாம் சீனி விலை, டொலர் விலை, துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடப்பது என்றுதான் பேச்சுப் போகும். இப்போது சாப்பாட்டுச் சஹன் வந்து சேருவதற்கிடையில் யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து புதுப் போனை வெளியே எடுத்துவிடுகிறார். எங்கே எடுத்தது, என்ன விலை, படம் எப்படி விழுகிறது என்று விசாரணை தொடங்கி, சாப்பாடு முடிந்து கை கழுவும் வரை அதுவே பேச்சாகிவிடுகிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தராசும் முழக்கோலும் இல்லாமல் கடை நடக்காதது போல இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாமலும் கடை நடக்காது. ஆனால் நல்ல தராசு ஒன்று இருக்கும்போது புதுத் தராசு வந்துவிட்டதே என்று யாரும் அதை மாற்றுவதில்லை. போன் விடயத்தில் மட்டும் நாம் வேறு மாதிரி நடந்து கொள்கிறோம். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் அவரை 'போன் நானா' என்றுதான் அழைப்போம். புதிய கருவி எது சந்தைக்கு வந்தாலும் ஓரிரு மாதங்களில் அது அவர் கையில் இருக்கும். பழையவற்றையும் எல்லோரையும் போல விற்றுவிடாமல் சிலவற்றை மேசை லாச்சியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அந்த லாச்சியைத் திறந்தால் கால் நூற்றாண்டு வர்த்தக வரலாறு உள்ளே கிடக்கிறது. நானும் இந்தப் பொருட்களில் ஆசை உள்ளவன் என்பதால் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

லாச்சிக்குள் இருந்தவை

முதலில் வந்தது நொக்கியா கொமியூனிகேட்டர். இந்த வரிசையின் முதல் போன் 1996இல் வெளிவந்தது. நண்பரிடம் இருப்பது அதற்குப் பிந்திய மாதிரி. செங்கல் போலக் கனம். மூடியிருந்தால் போன், புத்தகம் போலத் திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை. "இதிலிருந்து துபாய்க்கு பெக்ஸ் அனுப்பினேன், தெரியுமா?" என்று இப்போதும் பெருமையோடு சொல்கிறார். அதற்கடுத்தது பிளெக்பெரி. கடிதம் வந்த அடுத்த நிமிடமே பொக்கெட்டுக்குள் சத்தம் கேட்கும். வெளிநாட்டு ஓடர்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதியதால் அந்தக் கருவி தன் விலையைத் தானே உழைத்துக் கொடுத்தது என்பது அவர் கணக்கு.

பிறகு முதல் ஐபோன். 2007 ஜூன் 29ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெரிய கொள்ளளவு உள்ளதன் விலை 599 டொலர். கடைகளுக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். செப்டம்பர் ஆரம்பத்தில் அதே போனின் விலையை அப்பிள் நிறுவனம் 399 டொலராகக் குறைத்தது. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். இறுதியில் அவர்களுக்கு 100 டொலர் பெறுமதியான கடைக் கழிவு கொடுக்கப்பட்டது. முதல் நாள் வாங்குபவர் பொருளுக்கு மட்டுமல்ல, அவசரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. அதே வருடத்தின் பிற்பகுதியில் சம்சுங்கின் 7 அங்குல கெலக்சி டெப் வந்தது. 7 அங்குலம் மிகச் சிறியது, அது சரிவராது என்று அப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அந்த ஒக்டோபரிலேயே பகிரங்கமாகச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 2012இல், அப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியை விற்கத் தொடங்கியது. 2011இல் 5.3 அங்குலத் திரையோடு கெலக்சி நோட் வந்தபோது "காதில் வைக்கும் பலகை" என்று சிரித்தவர்கள் பலர். இன்று நம் கையில் இருக்கும் சாதாரண போனே அதைவிடப் பெரிது. என்ன அளவு வேண்டும் என்பதை உற்பத்தியாளர் தீர்மானிப்பதில்லை, வாடிக்கையாளர்தான் தீர்மானிக்கிறார். புடைவைக் கடைக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரிய முதலாளிகள் சரிந்த கதை

லாச்சியின் அடியில் இரண்டு டெப்லட்கள் கிடந்தன. ஒன்று பிளெக்பெரியின் பிளேபுக், மற்றையது எச்.பி. நிறுவனத்தின் டச்பேட். இரண்டும் 2011இல் வந்தவை.

கடிதப் பரிமாற்றத்தில் பெயர் வாங்கிய நிறுவனம் பிளெக்பெரி. அது வெளியிட்ட டெப்லட்டிலோ ஆரம்பத்தில் மின்னஞ்சல் வசதி தனியாக இருக்கவில்லை. பார்க்க வேண்டுமானால் பிளெக்பெரி போன் ஒன்றையும் பக்கத்தில் வைத்து இணைக்க வேண்டும். பிரியாணிக்குப் பெயர் போன கடையில் சோறு முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் இது. டச்பேட் கதை இன்னும் பரிதாபம். ஜூலை முதலாம் திகதி 499 டொலருக்கு விற்பனைக்கு வந்த பொருளை ஓகஸ்ட் 18ஆம் திகதி நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. கையிருப்பைத் தீர்க்க 99 டொலருக்கு இறக்கியபோது சனம் முண்டியடித்து வாங்கியது. விலை இறங்கினால் எந்தப் பொருளும் போகும். ஆனால் அது நட்டத்தின் விலை.

2014இல் அமேசன் நிறுவனம் சொந்தப் போன் ஒன்றை வெளியிட்டது. உலகத்துக்கே சாமான் விற்கும் கடையால் அந்த ஒரு சாமானை விற்க முடியவில்லை. அந்த வருடமே 170 மில்லியன் டொலரை நட்டமாக எழுதினார்கள். அதில் பெரும்பகுதி விற்காமல் கிடந்த போன் சரக்கு. எல்.ஜி. நிறுவனம் 2021 ஏப்ரலில் போன் உற்பத்தியையே கைவிடுவதாக அறிவித்தது. பல வருடங்கள் உலகில் முதலிடத்தில் இருந்த நொக்கியாவின் போன் பிரிவு 2014இல் மைக்ரோசொப்ட்டின் கைக்குப் போனது. மைக்ரோசொப்ட்டும் அதைக் காப்பாற்றவில்லை. பிளெக்பெரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது.

இவர்களிடம் பணம் இல்லையா, பொறியியலாளர்கள் இல்லையா? எல்லாம் இருந்தன. நொக்கியாவின் போன்கள் உறுதிக்குப் பெயர் போனவை. ஆனால் வாடிக்கையாளர் தேடி வந்தது வேறு. போனுக்குள் ஓடும் செயலிகளைத்தான் அவர் தேடினார். அவை அன்ட்ரொயிட்டிலும் ஐபோனிலும் நிறைந்திருந்தன. மற்றக் கருவிகள் அழகாகக் கட்டிய, ஆனால் தட்டுகளில் சாமான் இல்லாத கடைகளாக நின்றன. போன் நானா இவற்றை எல்லாம் காசு கொடுத்து வாங்கித் தெரிந்து கொண்டார். நாம் சும்மா தெரிந்து கொள்கிறோம்.

குறையுள்ள சரக்கைத் திருப்பி எடுத்தவர்கள்

2016 ஓகஸ்டில் சம்சுங் வெளியிட்ட நோட் 7 போன்கள் சில தீப்பிடித்தன. இரண்டு வாரங்களுக்குள் நிறுவனம் அவற்றைத் திருப்பி எடுக்கத் தொடங்கியது. பதிலாகக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தபோது ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தியது. விமானங்களில் அந்தப் போனைக் கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2017 ஜனவரியில், இரு வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்த பெட்டரிகளில் இரு வேறு குறைகள் இருந்ததை சம்சுங் பகிரங்கமாக விளக்கியது. அதே வருடம் நோட் 8 வந்தது, சனம் வாங்கியது.

மிகப் பெரிய நட்டம்தான். ஆனால் "எங்கள் சரக்கில் குறையில்லை, நீங்கள் பாவித்த விதம் சரியில்லை" என்று அவர்கள் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியிருந்தால் நோட் 8ஐ யாரிடம் விற்றிருப்பார்கள்? சாயம் போன துணியைத் திருப்பிக் கொண்டு வரும் பெண்ணிடம் கடைப் பையன் எப்படிப் பேசுகிறான் என்பதை ஒவ்வொரு முதலாளியும் ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்து போய்க் கேட்டுப் பார்ப்பது நல்லது.

காணாமல் போன கடன் கொப்பி

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான விடயத்துக்கு வருகிறேன். நண்பரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

2013இல் அவர் கடைக்கென்று ஒரு டெப்லட் வாங்கினார். கடன் கொப்பியை அதிலுள்ள ஒரு செயலிக்கு மாற்றினார். அக்குறணை, காத்தான்குடி, கிண்ணியா, புத்தளம் என்று நாடெங்கிலுமிருந்து வந்து பெருநாளுக்கு முன்னர் கடனுக்குத் துணி எடுத்து, பெருநாள் முடிந்து பணம் கட்டும் சில்லறை வியாபாரிகள் அவருக்கு அறுபது பேருக்கு மேல். எல்லாப் பெயரும் எல்லாத் தொகையும் விரல் நுனியில் இருந்தன. பழைய கொப்பிகள் பரணுக்குப் போயின. நான்கு வருடம் நன்றாகவே நடந்தது.

டெப்லட் மேசையில் இரவு பகலாக சார்ஜரோடு கிடந்தது. பக்கத்தில் கண்ணாடி வழியாக வெயில். 2017 நோன்பு மாதத்தில், கடையில் நிற்க இடமில்லாத நாளொன்றில், பெட்டரி ஊதித் திரையைத் தள்ளிக் கொண்டு வெளியே வந்துவிட்டது. கருவி திறக்கவில்லை. பழுது பார்க்கும் இடத்தில் கைவிரித்தார்கள். செயலியை வேறு கருவியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், அதைச் செய்த நிறுவனம் எப்போதோ அதை நிறுத்திவிட்டிருந்தது. கணக்கின் பிரதி வேறெங்கும் இல்லை.

நண்பர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். "உங்களிடம் எனக்கு எவ்வளவு வர வேண்டியிருக்கிறது?" என்று கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டிய நிலை. பெரும்பாலானோர் தங்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துத் தொகையைச் சொன்னார்கள். கவனியுங்கள், அவரைக் காப்பாற்றியது மற்றவர்களின் காகிதக் கொப்பிகள்தான். கிழக்கிலிருந்து வயதான வியாபாரி ஒருவர் கொப்பியையே பையில் போட்டுக் கொண்டு இரவு பஸ்ஸில் வந்து, நண்பர் நினைத்திருந்ததைவிடக் கூடுதலான தொகையைக் கணக்குக் காட்டிக் கட்டிவிட்டுப் போனார்.

ஆனால் இரண்டு பேரோடு தொகை ஒத்து வரவில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நண்பர் இன்றுவரை சொல்வதில்லை. அவர்களிடமும் எழுத்தில்லை, இவரிடமும் எழுத்தில்லை. ஞாபகத்தை வைத்து இரு தரப்பும் பேசியது. வாப்பா காலத்திலிருந்து வந்த கொடுக்கல் வாங்கல் அதோடு முடிந்தது. போன பணத்தைப் பிறகு உழைத்துவிட்டேன், போன ஆட்களைத்தான் உழைக்க முடியவில்லை என்று நண்பர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடனை எழுதி வைக்கும்படி நமது மார்க்கம் சொல்வதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவரையும் காப்பதற்காகவே அந்த எழுத்து. ஒரு கருவி ஊதினால் அழிந்து போகக் கூடியதை எழுத்து என்று சொல்ல முடியாது.

இப்போது அவர் கடையில் புது டெப்லட் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாலையும் கடை பூட்டும் முன் கடன் கணக்கு அச்சில் எடுக்கப்பட்டுக் கோவையில் போகிறது. இன்னொரு பிரதி இணையச் சேமிப்பில். கடன் எடுத்தவருக்கும் அன்றைய நிலுவை வட்ஸ்அப்பில் போகிறது.

மாதக் கணக்குப் போடுங்கள்

போன் வாங்கும்போது நாம் மொத்த விலையைப் பார்க்கிறோம், அல்லது தவணைத் தொகையைப் பார்க்கிறோம். இரண்டும் போதாது. எத்தனை மாதம் உழைக்கும் என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக் கொள்வோம்.

90,000 ரூபா போன் மூன்று வருடம் உழைத்தால் மாதம் 2,500 ரூபா. 270,000 ரூபா போனை ஆறு வருடம் பாவித்தால் மாதம் 3,750 ரூபா. அதே 270,000 ரூபா போனை இரண்டு வருடத்தில் 120,000 ரூபாவுக்கு விற்றுவிட்டுப் புதியது எடுத்தால் மாதம் 6,250 ரூபா. விலை கூடிய போன் நட்டமல்ல. அடிக்கடி மாற்றுவதுதான் நட்டம்.

ஒரு போன் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, உற்பத்தியாளர் எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை அனுப்புவார் என்பது. வங்கிச் செயலி வைத்திருக்கும் வியாபாரிக்கு இது முக்கியம். 2023 ஒக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த சம்சுங் கெலக்சி எஸ் 24க்கும் ஏழு வருட உறுதி கொடுக்கப்பட்டது. விலை குறைந்த பல போன்களுக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கடைக்காரரிடம் கெமராவைப் பற்றிக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

மற்றது பெட்டரி. எந்த லித்தியம் பெட்டரியும் காலப்போக்கில் தேயும், சூட்டில் விரைவாகத் தேயும். பழைய பெட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாங்கள் குறைத்ததை 2017 டிசம்பரில் அப்பிள் ஒப்புக் கொண்டது. அடுத்த வருடம் குறைந்த விலையில் பெட்டரி மாற்றிக் கொடுத்தது. புதுப் போன் வாங்க நினைத்த பலருக்குப் பெட்டரி மாற்றியதே போதுமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பெட்டரி 800 தடவை சார்ஜ் ஏற்றிய பின்னரும் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெட்டியிலுள்ள விபரங்களைப் படித்து வாங்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

நம் நாட்டில் வாங்கும்போது

2021 செப்டம்பரில் கையடக்கத் தொலைபேசி இறக்குமதிக்கு மத்திய வங்கி நூறு வீதக் காசு வைப்பை விதித்ததும், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியதும், 2024 ஜனவரியில் 18 வீத வற் வரி போன்களுக்கும் வந்ததும் நாம் அனுபவித்தவை. விலை ஏறியதும் பயணப் பையில் வரும் போன்களுக்குக் கிராக்கி கூடியது. பில் இல்லை, உத்தரவாதம் இல்லை, ஆனால் விலை குறைவு.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இல்லாத போன்களுக்கு இனி வலையமைப்பு இணைப்புக் கிடைக்காது என்ற அறிவித்தல் 2025 ஜனவரியில் வந்தது. எனவே காசைக் கொடுக்கும் முன் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரியும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணை 1909க்குக் குறுந்தகவலாக அனுப்பிச் சரிபாருங்கள். பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். "கடை உத்தரவாதம்" என்றால் கடை இருக்கும் வரைதான் உத்தரவாதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலிவான டெப்லட்களில் இன்னொரு வித்தை இருக்கிறது. பெட்டியில் பெரிய கொள்ளளவு அச்சிட்டிருப்பார்கள், திரையிலும் அதுவே காட்டும். உள்ளே இருப்பதோ அதில் சிறு பங்கு. நிரப்பத் தொடங்கினால் பழைய கோப்புகள் கெட்டுப் போகும். இவற்றை வாங்கி விற்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: அளவு குறைந்த பொருளை நிறை என்று விற்பது தராசில் மட்டும் நடப்பதல்ல.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

முதலாவது, இந்தக் கருவி எனக்கு எந்த வேலையைச் செய்து தரும்? பொருட்களின் படத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும், ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்றால் டெப்லட் நல்லது. 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்பட்டியல் போட மட்டும் என்றால் கையிலுள்ள போனே போதும். இரண்டாவது, எத்தனை வருடம் உழைக்கும்? மூன்றாவது, பழுதானால் பெட்டரியும் திரையும் இங்கே கிடைக்குமா? நான்காவதுதான் முக்கியமானது: இன்று இரவு இது உடைந்தால் நாளைக் காலை எனக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியுமா?

கடையில் எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் டெப்லட் உங்களிடமும் இருந்தால், 80 வீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இல்லாவிட்டால் மின்சாரத்தைக் கழற்றிக் கழற்றிப் போடுங்கள். வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். முதுகுப்புறம் கொஞ்சம் ஊதியிருந்தாலும் பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். கடையில் துணி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

புதியதை வாங்குவதில் வரும் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போது வரும் அந்த வாசம் எனக்கும் பிடிக்கும். சொந்தப் பணத்தில், சொந்த ஆசைக்கு என்று வாங்கினால் அது ஆசைக் கணக்கில் இருக்கட்டும். கடைக் காசில் வாங்கினால் கடைக்கு அது உழைக்க வேண்டும். இரண்டு கணக்கையும் ஒரே கொப்பியில் எழுதும்போதுதான் குழப்பம் ஆரம்பமாகிறது.

இன்றிரவு கடையைப் பூட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடன் கணக்கை ஒரு தடவை அச்சில் எடுத்து, அல்லது ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு வையுங்கள். புதுப் போனைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம்.